தரை துடைக்கும் இயந்திரமும் தனித் தம்ளரும்

சென்ற சில மாதங்களாக நமது தோழர்கள் பலர், வீட்டுத் தரையைத் துடைப்பதற்கென்று கடைகளில் விற்கப்படும் 'ஸ்டீம் மாப்' என்னும் நீராவித் துடைப்பத்தை வாங்கலாமா, வாங்கினால் எப்படிப்பட்டதை வாங்குவது, அதற்குச் சொல்லப்படும் பெருமைகளெல்லாம் உண்மைதானா என்று நம்மைக் கேட்டு வருகின்றார்கள். "கடவுளையும் ஜாதியையும் பற்றி எழுத வேண்டிய பத்திரிகையில் துடைப்பக்கட்டையைப் பற்றி என்ன ஆராய்ச்சி?" என்று சிலர் பரிகாசம் செய்யக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லும் சமாதானம் இதுதான். நம் நாட்டில் கடவுளும் ஜாதியும் கோவிலுக்குள் மாத்திரம் குடியிருக்கவில்லை. வாசற்படியிலும், அடுப்பங்கரையிலும், விளக்குமாற்றின் முனையிலுங்கூடக் குடியிருக்கின்றன. எந்த நேரத்தில் கூட்டுவது, எந்தக் கிழமையில் துடைப்பது, யார் துடைப்பது, துடைத்தவர் எந்தப் பாத்திரத்தைத் தொடலாம் என்பதெல்லாம் சாஸ்திரமாகவும் வழக்கமாகவும் ஏற்பட்டிருக்கிற நாட்டில், தரை துடைக்கும் விஷயத்தைப் பகுத்தறிவுக்காரன் பேசாமல் வேறு யார் பேசுவது என்று கேட்கின்றோம்.

சுத்தம் வேறு, மடி வேறு

முதலாவதாக, சுத்தம் என்றால் என்ன என்பதை யோசிக்க வேண்டும். அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, புழுதி, நோய் உண்டாக்கும் கிருமி ஆகியவற்றைப் போக்குவது சுத்தம். இதைக் கண்ணாலும், கண்ணுக்குத் தெரியாததைப் பூதக்கண்ணாடியாலும் பார்த்துச் சோதிக்கலாம். மடி என்பதோ அப்படியல்ல. அதைச் சோதிக்க ஒரு கருவியும் கிடையாது. பிறர் தொட்டால் போய்விடும், தண்ணீர் தெளித்தால் திரும்பி வந்துவிடும் என்று சொல்லப்படுகின்றதே ஒழிய, போனதையும் வந்ததையும் கண்டவர் ஒருவரும் இல்லை.

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால் நம் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாந்திபேதி வந்தால் அம்மன் கோபமென்று கூழ் ஊற்றிக்கொண்டிருந்த காலத்தில், ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் ஆராய்ச்சிக்காரர் 1884-ல் கல்கத்தாவுக்கு வந்து, ஜனங்கள் குளிக்கவும் குடிக்கவும் உபயோகித்த ஒரு குளத்துத் தண்ணீரிலேயே காலராக் கிருமியைக் கண்டு காட்டினார். கும்பிட்டு எடுத்த தண்ணீரும் கும்பிடாமல் எடுத்த தண்ணீரும் அந்தக் கிருமிக்கு ஒன்றுதான்.

மாட்டுச் சாணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகின்றோம். மண் தரை இருந்த காலத்தில் சாணம் மெழுகியதற்கு ஒரு காரணம் இருந்தது. அது புழுதியை அடக்கி, மண்ணைப் பிடித்து நிறுத்திற்று. அவ்வளவுதான். அதையே இன்று "கிருமிநாசினி" என்று சொல்லி, டைல்ஸ் போட்ட வாசலிலும் தெளிக்க வேண்டுமென்பது மாட்டைக் கொண்டு மனிதனை ஏய்க்கும் வேலையாகும். சாணம் மாட்டின் குடலிலிருந்து வருகின்றது. குடற்கிருமிகள் அதில் நிறைய உண்டு. டெட்டனஸ் என்னும் வாய்ப்பூட்டு நோயின் வித்துக்களும் அதில் இருக்கக்கூடும். பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணம் தடவிய வழக்கத்தால் எத்தனையோ குழந்தைகள் அந்நோய்க்குப் பலியாகி இருக்கின்றன. அதுபோலவே, திருஷ்டி கழிவதற்கென்று வெள்ளிக்கிழமையில் உப்பும் மஞ்சளும் கரைத்துத் தரை துடைப்பவர்கள், வெள்ளை டைல்ஸில் மஞ்சள் கறையையும், காய்ந்தபின் உப்புப் பூத்த தரையையும் தவிர வேறு பலன் எதையும் கண்டதில்லை.

விளக்கு வைத்தபின் கூட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்பது மற்றொன்று. அகல்விளக்குக் காலத்தில் இருட்டில் கூட்டினால் தோடோ திருகாணியோ குப்பையோடு போய்விடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதில் அர்த்தம் உண்டு. எல்.இ.டி. விளக்கு எரிகிற வீட்டில், பகலெல்லாம் வேலைக்குப் போய் மாலை 7 மணிக்குத் திரும்புகிற பெண் எப்போது கூட்டுவது? லட்சுமிக்காக அவள் விடியற்காலம் 4 மணிக்கு எழுந்திருக்க வேண்டுமாம். எழுந்திருக்கும் கஷ்டம் அவளுக்கு, வரும் செல்வம் மாத்திரம் குடும்பத்துக்கு!

விளம்பரம் என்னும் புதிய புராணம்

பழைய புராணத்தை விட்டவர்கள் புதிய புராணத்தில் போய் விழுந்துவிடக் கூடாது. வியாபாரிகளின் விளம்பரமும் ஒரு புராணந்தான். "100-க்கு 99.9 கிருமிகள் சாகும்" என்று பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்து விடுகின்றார்கள். புரோகிதன் சொன்னால் "எதனால்?" என்று கேட்கக் கற்றுக்கொண்ட நாம், வியாபாரி சொன்னாலும் "எதனால்?" என்று கேட்டே தீர வேண்டும்.

சூடு கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் சூடு மாத்திரம் போதாது, நேரமும் வேண்டும். பால் பதப்படுத்தும் இடங்களில் 72 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் பாலை 15 விநாடி வைக்கின்றார்கள். பழைய முறையில் 63 டிகிரியில் 30 நிமிஷம் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கத்தி, கத்திரிக்கோல் முதலியவற்றைச் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவில், நன்றாக மூடிய பாத்திரத்துக்குள், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி நீராவியை 15 நிமிஷம் வைக்கின்றார்கள். நம் வீட்டு நீராவித் துடைப்பத்திலோ மூடிய பாத்திரமில்லை. ஆவி குழாயை விட்டு வெளியே வந்தவுடன் துணியிலும் குளிர்ந்த தரையிலும் பட்டுச் சூடு இறங்கிவிடுகின்றது. அதையும் ஒரே இடத்தில் நிறுத்தாமல், பெருக்குவது போல் விநாடிக்கு ஓரடி தள்ளிக்கொண்டு போனால் எந்தக் கிருமி எப்படிச் சாகும்? விளம்பரத்திலுள்ள எண், சோதனைச் சாலையில், குறிப்பிட்ட சில கிருமிகளின்மேல், குறிப்பிட்ட நேரம் ஆவியை நிறுத்திப் பிடித்துக் கிடைத்த எண்ணாகும். எத்தனை விநாடி பிடித்தார்கள் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், போடாமலும் இருப்பார்கள். போடாதவனுடைய சரக்கை அந்தப் பெருமைக்காக வாங்க வேண்டியதில்லை.

அன்றியும், 10 லட்சம் கிருமியில் 99.9 பங்கு செத்தாலும் 1,000 மிச்சம் இருக்கும். அதற்காகப் பயப்படவும் வேண்டியதில்லை. தரையிலுள்ள கிருமிகளில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாதவை. நோய் பரவுவதற்குத் தரையைக் காட்டிலும் கை பெரிய காரணம். 1847-ல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், டாக்டர்களைக் கை கழுவச் செய்தே தாய்மார்களின் சாவைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். எனவே, இயந்திரத்துக்குப் பணம் கொடுக்குமுன் வீட்டில் கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கின்றதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். வீட்டில் யாருக்காவது வாந்தியோ பேதியோ ஆகித் தரை அசுத்தப்பட்டால், முதலில் அதைத் துடைத்தெடுத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சில நிமிஷம் தரையில் நிற்கவிட்டுக் கழுவுவதே உசிதம். அப்போது ஆசிட்டை அதோடு கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இயந்திரத்தின் சூட்சுமம் மிகவும் சாதாரணமானது. ஒரு சிறு தொட்டியில் தண்ணீர்; அதைச் சூடாக்க மின்சாரக் கம்பிச்சுருள்; ஆவி வரும் குழாய்; அடியில் மைக்ரோஃபைபர் என்னும் மெல்லிழைத் துணி. ஆவி பிசுக்கை இளக்கும், துணி அதை வாங்கிக்கொள்ளும். ஆவி அழுக்கை விழுங்கிவிடுவதில்லை. ஆதலால் முதலில் பெருக்கியாக வேண்டும். பெருக்காமல் தள்ளினால் புழுதி சேறாகிக் கோடு கோடாய் நிற்கும். துணி அழுக்கானால் மாற்ற வேண்டும், மாற்றிய துணியைத் துவைக்க வேண்டும். "இதை வாங்கினால் துடைப்பமே வேண்டாம்" என்பவன் பொய் சொல்லுகின்றான்.

விற்பவன் சொல்லும் பெருமையைச் சோதிக்கப் பள்ளிக்கூடத்துக் கணக்கே போதும். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி; அதை ஆவியாக்க இன்னும் 540 கலோரி; ஆக 610 கலோரி. 1,500 வாட் இயந்திரம் ஒரு நிமிஷத்தில் கொடுக்கக்கூடிய சூடு சுமார் 21,500 கலோரி. வகுத்துப் பார்த்தால் நிமிஷத்துக்குச் சுமார் 35 கிராம் தண்ணீர்தான் ஆவியாகும். அரை லிட்டர் தொட்டி முழு வேகத்தில் சுமார் 14 நிமிஷத்தில் காலியாகிவிடும். அதே இயந்திரம் "நிமிஷத்துக்கு 60 கிராம் ஆவி விடாமல் வரும்" என்று ஒருவன் சொன்னால், அவன் இயற்கையையே ஏமாற்றி விட்டானா, அல்லது உங்களை ஏமாற்றப் பார்க்கின்றானா என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம். "அரை லிட்டரில் 30 நிமிஷம் வரும்" என்றால், ஆவி பாதிதான் வரும் என்று அர்த்தம். செலவும் பெரிதல்ல. நாள் ஒன்றுக்கு 15 நிமிஷம் ஓட்டினால் மாதத்துக்குச் சுமார் 11 யூனிட் ஆகும்.

மின்சார இணைப்பைப் பற்றி அலட்சியம் கூடாது. 1,500 வாட் என்றால் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். விளக்கு, விசிறிக்குப் போட்டிருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகக் கூடாது. கிரைண்டர், ஹீட்டருக்குப் போடும் 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். எர்த்து இணைப்பு சரியாக இருக்க வேண்டும். வீடு முழுவதும் அப்படி ஒரே ஒரு பவர் பிளக், அதுவும் சமையலறையில் இருந்தால், இயந்திரத்தின் கம்பி எவ்வளவு தூரம் எட்டும் என்று அளந்து பார்த்து வாங்க வேண்டும். சன்னக் கம்பியுள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் கம்பி சூடேறி உருகும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது என்று ஆசைப்பட்டு, 120 வோல்ட் இயந்திரத்தை நமது 230 வோல்ட்டில் செருகினால், அது மூன்றரை மடங்குக்குமேல் மின்சாரம் இழுத்து அன்றைக்கே கருகிப்போகும்.

தண்ணீரும் முக்கியம். நம் ஊர்களில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். இட்லிக் குண்டானின் அடியில் வெள்ளையாகப் படிகின்றதே, அதே சுண்ணாம்புப் படிவு இயந்திரத்தின் குழாயையும் அடைத்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோ ஊற்றலாமா என்று அதனோடு வரும் குறிப்பைப் படித்துச் செய்ய வேண்டும். படிவை நீக்கும் வழி அதில் இருக்கின்றதா என்றும், துணியும் உதிரிச் சாமானும் தனியாகக் கிடைக்குமா என்றும், பழுது பார்க்கும் இடம் நம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். தொட்டிக்குள் பினாயிலையோ வாசனைத் திரவத்தையோ ஊற்றவே கூடாது. ஆவியோடு அது மூச்சில் ஏறும், இயந்திரமும் கெடும்.

எல்லாத் தரைக்கும் இது ஏற்றதல்ல. மெருகு போட்டுச் சுட்ட டைல்ஸ், விட்ரிஃபைடு டைல்ஸ் இவற்றுக்குப் பயமில்லை. இடுக்கிலுள்ள பிசுக்குக்கு நன்றாகவே வேலை செய்யும். மார்பிள், கிரானைட், கடப்பாக் கல் முதலியவை ஈரம் இறங்காதபடி பூச்சுப் போட்டவையா என்று தெரிந்துகொண்ட பிறகே துடைக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லும், ரெட் ஆக்சைடு பூசிய பழைய சிமெண்டுத் தரையும் சுட்டு மெருகேற்றியவை அல்ல. வருஷக்கணக்காய்க் காலும் எண்ணெயும் கொடுத்த அந்த மெருகை ஆவி கலைத்துவிடும். பசை போட்டு ஒட்டிய வினைல் விரிப்பு சூட்டில் கிளம்பும். மரப்பலகை, லாமினேட் தரைகள் ஈரம் குடித்து உப்பும். ஆதலால் தரையைப் பார்க்காமல் விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறவன், கால் அளவைப் பார்க்காமல் செருப்பு வாங்குகிறவனேயாவான்.

ஜாக்கிரதை ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம். ஒரு கிராம் ஆவி தோலின்மேல் பட்டுத் தண்ணீராகும் அந்த நிமிஷத்திலேயே 540 கலோரியைத் தோலில் இறக்கிவிடும். ஆகையால் கொதிநீர்ப் புண்ணைவிட ஆவிப் புண் கொடியது. தண்ணீர் ஊற்றுமுன்னும் துணி மாற்றுமுன்னும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் அறையில் இதை ஓட்டக் கூடாது. இவ்வளவு விஞ்ஞானத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, ஆயுத பூஜையன்று அந்த இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சுவிட்சின்மேல் தீர்த்தம் தெளிக்கின்ற புத்திசாலிகளும் இருக்கின்றார்கள். அவர்களைக் காப்பாற்றுவது சரஸ்வதியல்ல, எர்த்துக் கம்பிதான்!

யாருடைய முதுகு?

இவ்வளவும் சாமானைப் பற்றியது. இனி, மனிதரைப் பற்றிப் பேச வேண்டும். இந்த இயந்திரத்தில் நாம் காணும் மெய்யான நன்மை கிருமி சாவதல்ல. துடைப்பவர் நிமிர்ந்து நிற்பதேயாகும். நம் நாட்டில் தரை துடைப்பதென்றால் குந்தியோ, குனிந்தோ, முட்டிபோட்டோ ஈரத் துணியை இழுப்பது என்று வழக்கமாகி இருக்கின்றது. தினம் முட்டிபோட்டு வேலை செய்வதால் முழங்கால் வீங்கும் நோய்க்கு ஆங்கில வைத்தியத்தில் "வேலைக்காரி முழங்கால்" என்றே ஒரு பெயருண்டு. மனிதர் ஒருவரைத் தரையோடு தரையாக நகரவைப்பது ஒரு வேலைமுறை மாத்திரமல்ல, இன்னார் கீழே இருக்க வேண்டியவர் என்று தினசரி ஞாபகப்படுத்தும் காரியமுமாகும்.

ஆனால் நிமிர்ந்து துடைப்பதற்கு ஆவி அவசியமில்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கும் நீளக் கழி மாப்பும், பிழியும் வாளியும், கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்க முடிந்தவர்களும், எண்ணெய்ப் பிசுக்கு அதிகமுள்ளவர்களும், மருந்து வாசனை ஆகாதவர்களும் ஏற்ற தரையிருந்தால் நீராவித் துடைப்பம் வாங்கட்டும். கடன் வாங்கியோ தவணை கட்டியோ வாங்கவேண்டிய சாமான் அது அல்ல. கழி மாப் வாங்கும் சக்தி உள்ள எந்த வீட்டிலும், ஒரு பெண்ணை முட்டிபோடச் செய்வதற்கு இனி நியாயம் கிடையாது.

பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் செய்யப்பட்டது. 1989-ல் அது தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. சொத்தில் பங்கு வந்துவிட்டது. துடைப்பத்தில் ஆண்களின் பங்கு எங்கே? இந்திய சர்க்கார் 2019-ல் எடுத்த நேரக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் அதில் செலவழிக்கின்றார்கள். அந்த 97 நிமிஷமும் எல்லா ஆண்களுக்குமல்ல. ஏதாவது வீட்டு வேலை செய்கின்ற ஆண்களுக்கு மாத்திரம். அப்படிச் செய்பவர்களோ நூற்றுக்கு 26 பேர்தான்! மற்ற 74 பேருக்கும் கைகால் இல்லையா என்று கேட்கின்றோம். ஆண் குனிந்தால் ஆண்மை குறையும் என்பவர்கள், சாமியின் முன்னும் முதலாளியின் முன்னும் குனியும்போது மாத்திரம் அந்த ஆண்மையை எங்கே வைத்துவிட்டுப் போகின்றார்கள்?

இயந்திரம் வந்தால் பெண்ணுக்கு ஓய்வு தானாக வந்துவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற சரித்திர ஆசிரியை 1983-ல் வெளியிட்ட புத்தகத்தில், துவைக்கும் இயந்திரமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் வந்த பிறகும் வீட்டுப் பெண்களின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று ஆராய்ந்து காட்டியிருக்கின்றார். ஏனெனில், வேலை சுலபமானவுடன் அந்த வேலையை அடிக்கடி செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்தது. முன்பு உடனிருந்து செய்த மற்றவர்களும் விலகிக்கொண்டார்கள். இங்கேயும் அதுதான் நடக்கும். "மாப்புதான் வாங்கிக் கொடுத்தாயிற்றே, இரண்டு வேளையும் துடைத்தால் என்ன?" என்று கேட்கும் கணவன், மனைவிக்கு இயந்திரம் வாங்கிக் கொடுத்தவனல்ல, மனைவியையே இயந்திரமாக்கிவிட்டவன். பிறந்தநாளுக்கு மனைவிக்குத் துடைப்பம் பரிசளித்துப் பெருமைப்படும் தோழர்கள், அதை முதல் நாளே தாங்கள் எடுத்துத் தள்ளட்டும். அப்போது அந்தப் பரிசுக்கு அர்த்தமுண்டு.

தனித் தம்ளர்

கடைசியாக, நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்லுகின்றோம். பட்டணங்களில் இந்த இயந்திரம் வாங்கக்கூடிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் தரை துடைப்பவர் வீட்டுக்காரரும் அல்ல, வீட்டுக்காரியும் அல்ல. காலையில் நாலு வீட்டுக்கு நடந்து வந்து வேலை செய்கின்ற ஓர் ஏழைப் பெண்மணியாவார். அந்த அம்மாளின் கை பட்ட தரையில் இவர்கள் உட்காருகின்றார்கள்; குழந்தையைப் படுக்கப் போடுகின்றார்கள்; இலை போட்டுச் சாப்பிடுகின்றார்கள். ஆனால் அதே அம்மாள் காப்பி குடிக்க மாத்திரம் தனித் தம்ளர். அந்தத் தம்ளருக்குச் சன்னலோரத்தில் தனி இடம்! சில அடுக்கு மாடிகளில் அவருக்குத் தனி லிஃப்டு. சில வீடுகளில் அவர் கழுவும் கக்கூசையே அவர் உபயோகிக்கக் கூடாது.

இதில் சுத்தம் எங்கே இருக்கின்றது? அவர் கையில் அழுக்கு இருக்குமானால் தரையில் அல்லவா முதலில் ஒட்டும்? அவர் கை சுத்தமானால் தம்ளர் எப்படிக் கெடும்? இந்தக் கேள்விக்கு 99.9 கிருமிக்காரனும் பதில் சொல்ல முடியாது, சாஸ்திரக்காரனும் பதில் சொல்ல முடியாது. ஏனெனில் இது கிருமிக்குப் பயந்த ஏற்பாடல்ல, ஜாதியைக் காப்பாற்றும் ஏற்பாடு. தீண்டாமை 1950-ல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது விதியால் ஒழிக்கப்பட்டதாக எழுதப்பட்டிருக்கின்றது. எழுதப்பட்ட தாள் சர்க்காரிடம் இருக்கின்றது, தம்ளர் சன்னலோரத்தில் இருக்கின்றது.

இவர்கள் நீராவி இயந்திரம் வாங்கினாலும் என்ன செய்கின்றார்கள்? "அவளுக்கு ஓட்டத் தெரியாது, கெடுத்துவிடுவாள்" என்று அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு, வாரம் ஒருநாள் ஆசைக்கு எடுத்துத் தாங்கள் ஓட்டுகின்றார்கள். மற்ற ஆறு நாளும் அந்த அம்மாள் முட்டிபோட்டுத் துடைக்க வேண்டும். நாலு வீட்டுச் சமையலறையில் நாலுவிதமான அடுப்பையும் மிக்ஸியையும் தெரிந்து வைத்திருப்பவருக்கு, ஒரு பிளக்கும் ஒரு விசையும் உள்ள துடைப்பம் தெரியாதாம்! எழுத்து எங்களுக்கே, உனக்கு வராது என்று அன்று சொன்னவர்களின் பேச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு நாள் பக்கத்திலிருந்து காட்டிக் கொடுத்தால் மறுநாள் அவர் நம்மைவிட நன்றாகச் செய்வார்.

இன்னொரு ஆட்சேபணையும் உண்டு. இயந்திரம் வந்தால் அந்த ஏழையின் பிழைப்பு போகாதா என்பது. இயந்திரமே வேண்டாமென்பது நமது கொள்கையல்ல. மனிதன் மாடாய் உழைப்பதை இயந்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே சுயமரியாதைக்காரரின் கொள்கை. ஆனால் இயந்திரத்தின் லாபம் யாருக்குப் போகின்றது என்பதுதான் கேள்வி. ஒரு மணி நேர வேலை முக்கால் மணியில் முடிந்தால், அந்தக் கால் மணி அந்த அம்மாளுக்குச் சேர வேண்டுமே தவிர, அதைச் சொல்லிச் சம்பளத்தில் கைவைப்பது திருட்டாகும். ஆபீசில் கம்ப்யூட்டர் வந்ததென்று தன் சம்பளத்தைக் குறைக்க எந்த வீட்டுக்காரராவது சம்மதிப்பாரா? வீட்டு வேலை செய்பவரும் தொழிலாளியே என்று 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் தனி உடன்படிக்கையே செய்திருக்கின்றது. தமிழ்நாட்டில் 2007-ல் அவர்களுக்கென்று நலவாரியம் ஏற்படுத்தப்பட்டது. அதில் அவர் பெயர் பதிவாகி இருக்கின்றதா என்று விசாரித்து உதவி செய்ய, வீட்டுக்காரருக்கு ஒரு மணி நேரங்கூடப் பிடிக்காது.

ஆகவே, நீராவித் துடைப்பம் வாங்க நினைக்கும் தோழர்களுக்கு நமது யோசனை இதுதான். தரை இன்னதென்று பாருங்கள், பிளக்கைப் பாருங்கள், தண்ணீரைப் பாருங்கள், பெட்டியின்மேலுள்ள பெருமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு, அதைத் தினமும் தள்ளப்போகிறவர் யாரோ அவரைக் கடைக்கு அழைத்துப் போய், அவர் கையில் கொடுத்து, "கனமாக இருக்கின்றதா, உயரம் சரியாக இருக்கின்றதா?" என்று கேளுங்கள். அது மனைவியானாலும் சரி, தாயாரானாலும் சரி, வீட்டு வேலை செய்யும் அம்மாளானாலும் சரி, அவர் வேண்டாமென்றால் வாங்காதீர்கள். வாங்கினால் பூட்டி வைக்காதீர்கள். வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே, சன்னலோரத்திலிருக்கும் அந்தத் தனித் தம்ளரை எடுத்து மற்றத் தம்ளர்களோடு சேர்த்துக் கழுவி, ஒரே அலமாரியில் அடுக்கிவிடுங்கள். இதற்கு மின்சாரமும் வேண்டாம், ஆவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.